முத்திரை எதன் மேல் இருக்கிறது?

தை மாதம் ஐந்தாம் நாள் மணலூர்பேட்டைக்குப் போயிருக்கிறீர்களா? திருவண்ணாமலை அருணாசலேசுவரர் தீர்த்தவாரிக்காகத் தென்பெண்ணையாற்றுக்கு எழுந்தருளும் நாள் அது. ஆற்றின் இரு கரைக் கிராமங்களிலிருந்தும் ஜனங்கள் வந்து குவிவார்கள். கரும்பும் வளையலும் ராட்டினமுமாக ஆற்று மணலே ஒரு கடைத்தெருவாகிவிடும்.

அந்தக் கடைகளுக்கு நடுவே மின்சாரச் சாமான் கடை ஒன்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தார்ப்பாய் விரித்து அதன்மேல் டார்ச் விளக்கு, இஸ்திரிப் பெட்டி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், வெந்நீர் போடும் ஹீட்டர் ராடு எல்லாம் பரப்பியிருக்கிறார்கள். தை மாதத்துக் குளிரில் விடியற்காலையில் குளித்துவிட்டுப் பள்ளிக்குப் புறப்படுவது எவ்வளவு சிரமம் என்பது உங்களுக்கே தெரியும். உங்கள் அம்மா ஒரு ஹீட்டர் ராடைக் கையில் எடுத்துப் பார்க்கிறார்கள். விலை, கடைத்தெருவில் கேட்டதில் பாதிதான்.

"முத்திரை இருக்காப்பா?" என்று கேட்கிறார்கள்.

"இதோ பாருங்கக்கா, ஐ.எஸ்.ஐ. போட்டிருக்கு" என்று கடைக்காரர் பிளக்கைத் திருப்பிக் காட்டுகிறார். உண்மையாகவே அங்கே முத்திரை இருக்கிறது. எண்ணும் இருக்கிறது. வாங்கலாமா?

வாங்கக் கூடாது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. முத்திரையும் போலி அல்ல. ஆனால் அந்த முத்திரை பிளக்கினுடையது, ஹீட்டருடையது அல்ல. இந்த வேற்றுமை தெரியாமல் நானும் ஒரு முறை ஏமாந்தேன். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் முத்திரையை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம்.

மூன்று வரிகள்

ஐ.எஸ்.ஐ. முத்திரை என்றதும் அந்த மூன்று எழுத்துச் சின்னம் மட்டுமே நம் நினைவுக்கு வருகிறது. உண்மையில் முத்திரை என்பது மூன்று வரிகள் சேர்ந்தது. நடுவில் சின்னம். அதன் தலைக்கு மேல் ஐ.எஸ். என்று தொடங்கும் ஓர் எண். காலடியில் சி.எம்/எல் என்று தொடங்கும் இன்னோர் எண். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது முத்திரை அல்ல, வெறும் படம்.

மேலே உள்ள எண், எந்தப் பொருளுக்கான தரம் என்பதைச் சொல்கிறது. நமது நாட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தர எண் உண்டு. முதலாம் எண் எதற்கு என்று ஊகிக்க முடிகிறதா? ஐ.எஸ். 1 நம்முடைய தேசியக் கொடி! துணி, நிறம், நீள அகலம் எல்லாவற்றையும் வரையறுத்து 1951 ஆம் ஆண்டு அந்தத் தரம் வெளியிடப்பட்டது. அதன் பிறகு வரிசையாக எத்தனையோ பொருள்களுக்குத் தரங்கள் எழுதப்பட்டன. பிளக், சாக்கெட் ஆகியவற்றுக்கு எண் 1293. பி.வி.சி. உறையிட்ட மின்கம்பிக்கு 694. சுவிட்சுக்கு 3854. கூரை மின்விசிறிக்கு 374. வீட்டு மின்சாதனங்களின் பாதுகாப்புக்குப் பொதுவான எண் 302. அதில் பல பகுதிகள் உண்டு, இஸ்திரிப் பெட்டிக்கு 302-2-3 என்ற பகுதி. தண்ணீரில் அமிழ்த்தும் ஹீட்டர் ராடுக்கென்றே 368 என்ற தரம் இருக்கிறது.

இப்போது திருவிழாக் கடைக்குத் திரும்புவோம். பிளக்கில் சின்னத்தின் மேல் என்ன எண் இருந்திருக்கும்? 1293. அதாவது, "இந்தப் பிளக் நல்ல பிளக்" என்று மட்டும் அது உறுதி சொல்கிறது. கம்பியை உற்றுப் பார்த்தால் அதன் நெடுகிலும் 694 என்று அச்சிட்டிருக்கவும் கூடும். கம்பியும் நல்ல கம்பிதான். ஆனால் தண்ணீரில் இறங்கப்போவது பிளக்கோ கம்பியோ அல்லவே! தண்ணீரில் இறங்கும் அந்த ராடின் மேலும், அதன் அட்டைப் பெட்டியின் மேலும் முத்திரை இருக்கிறதா என்பதல்லவா கேள்வி?

கீழே உள்ள சி.எம்/எல் எண், உரிமத்தின் எண். ஒரு குறிப்பிட்ட தொழிற்சாலைக்கு, ஒரு குறிப்பிட்ட பொருளுக்காகக் கொடுக்கப்படுவது அது. ஒரே கம்பெனிக்கு இரண்டு ஊர்களில் தொழிற்சாலை இருந்தால் இரண்டு எண்கள் இருக்கும். நம் ரேஷன் அட்டைக்கு எண் இருப்பதைப் போலத்தான். எண்ணைச் சொன்னால் ஆள் யார், எந்த ஊர், உரிமம் உயிரோடு இருக்கிறதா, காலாவதியாகிவிட்டதா என்று கண்டுபிடித்துவிடலாம். சின்னத்தை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அதற்கு ஓர் அச்சுக்கட்டை போதும். எண்ணையும் இட்டுக்கட்டி அச்சடிக்கலாம்தான். ஆனால் இட்டுக்கட்டிய எண்ணைத் தேடிப் பார்த்தால் யாரும் கிடைக்க மாட்டார்கள், அல்லது வேறு யாரோ வேறு ஏதோ பொருளோடு வந்து நிற்பார்கள்.

ஒரு கண்காட்சியில் தொடங்கிய கதை

பொருளைச் சோதித்து முத்திரையிடும் இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? பிரிட்டனில் 1903 ஆம் ஆண்டிலேயே காற்றாடி வடிவத் தரமுத்திரை ஒன்று பதிவு செய்யப்பட்டது. ஆனால் மின்சாரத்தைப் பொறுத்தவரை, கதை அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் தொடங்குகிறது.

1893 ஆம் ஆண்டு சிகாகோவில் ஒரு மாபெரும் உலகக் கண்காட்சி நடந்தது. விவேகானந்தர் சொற்பொழிவாற்றிய சர்வமத மகாசபையும் அதை ஒட்டி நடந்ததுதான். ஆயிரக்கணக்கான மின்விளக்குகளை அப்படி ஒரே இடத்தில் ஜனங்கள் அதற்கு முன்பு பார்த்ததில்லை. பார்த்துப் பிரமித்தவர்களில் தீக்காப்பு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரர்களும் இருந்தார்கள். ஆனால் அவர்களுக்குப் பிரமிப்போடு பயமும் சேர்ந்து வந்தது. இத்தனை கம்பிகளில் ஒன்று தீப்பிடித்தால் நஷ்டஈடு கொடுக்க வேண்டியவர்கள் அவர்கள்தானே! ஆகவே வில்லியம் ஹென்றி மெரில் என்ற இளம் மின்பொறியாளரை அனுப்பிக் கம்பிகளையும் கருவிகளையும் சோதிக்கச் சொன்னார்கள். அவர் 1894 இல் சிறியதொரு சோதனைக்கூடத்தை அமைத்தார். பிற்காலத்தில் 'அண்டர்ரைட்டர்ஸ் லேபரட்டரீஸ்' என்று பெயர் பெற்றது அதுதான். சில வெளிநாட்டுச் சாமான்களின் அடியில் வட்டத்துக்குள் 'யு.எல்.' என்ற எழுத்துகளைப் பார்த்திருந்தால், அது மெரிலின் பரம்பரை.

நமது நாட்டில் 1947 ஆம் ஆண்டு இந்தியத் தர நிறுவனம், அதாவது ஐ.எஸ்.ஐ., தோன்றியது. பொருள்களுக்கு முத்திரையிடும் அதிகாரத்தை 1952 ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு அளித்தது. 1987 ஏப்ரல் முதல் நாள் அந்த நிறுவனம் இந்தியத் தர நிர்ணய அமைவனம் (பி.ஐ.எஸ்.) என்று மாறியது. நிறுவனத்தின் பெயர் மாறினாலும் முத்திரையில் பழைய மூன்று எழுத்துகளே நின்றுவிட்டன. நல்லதுதான், கடைக்குப் போகும் பாட்டிக்குக்கூடத் தெரிந்த எழுத்துகளை ஏன் மாற்ற வேண்டும்? நமது மாநிலத்தில் இதன் அலுவலகமும் சோதனைக்கூடமும் சென்னை தரமணியில் இருக்கின்றன.

2003 ஆம் ஆண்டு மத்திய அரசு பிறப்பித்த தரக்கட்டுப்பாட்டு ஆணை, மின்கம்பி, சுவிட்சு, இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர் ராடு போன்றவற்றை முத்திரை இல்லாமல் செய்வதையும் விற்பதையும் தடை செய்தது. ஆகவே முத்திரையற்ற ஹீட்டர் ராடு என்பது 'சற்றே மட்டமான சரக்கு' அல்ல. விற்பனைக்கே வரக் கூடாத சரக்கு.

உள்ளே என்ன இருக்கிறது?

சட்டம் இருக்கட்டும். ஒரு ஹீட்டர் ராடு ஏன் இத்தனை ஜாக்கிரதையைக் கேட்கிறது? அதைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் விஷயம் புரியும். வெளியே செம்புக் குழாய். நடுவே நிக்ரோம் என்ற கலப்பு உலோகத்தால் ஆன சுருள்கம்பி. இதில்தான் மின்சாரம் ஓடுகிறது, இதுதான் சூடேறுகிறது. சுருளுக்கும் குழாய்க்கும் இடையில் வெள்ளை மாவைப் போல ஒரு பொடி கெட்டியாக அடைக்கப்பட்டிருக்கும். அது மக்னீசியம் ஆக்சைடு. மின்சாரத்தைக் கடத்தாத பொருள்கள் பெரும்பாலும் வெப்பத்தையும் நன்றாகக் கடத்துவதில்லை. மரத்தையும் ரப்பரையும் நினைத்துப் பாருங்கள். இந்தப் பொடி ஓர் அபூர்வம். மின்சாரத்தைத் தடுக்கும், வெப்பத்தை மட்டும் வெளியே விடும். அதனால்தான் கம்பியின் சூடு தண்ணீருக்கு வந்துசேர, மின்சாரம் உள்ளேயே நிற்கிறது.

ஆனால் இந்தப் பொடிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஈரத்தை உறிஞ்சும். ஈரம் பட்டால் மின்சாரத்தைத் தடுக்கும் சக்தி குறைந்துபோகும். ஆகவே குழாயின் இரண்டு முனைகளும் ஈரம் புகாதபடி நன்றாக அடைக்கப்பட்டிருக்க வேண்டும். மலிவான ராடில் செலவைக் குறைக்கும் இடங்களில் முதலாவது இந்த அடைப்பு. இரண்டாவது, குழாயின் கனம். நம் ஊர் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் உப்பு அதிகமானால் ராடின் மேல் வெள்ளையாகப் படியும். படிவுக்கு அடியில் சூடு வெளியேற வழியில்லாமல் குழாய் மேலும் சூடாகி, மெல்லிய குழாயாக இருந்தால் வெடிப்பு விடும். அந்த வெடிப்பின் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். அடுத்த நாள் காலை, வாளித் தண்ணீர் முழுவதிலும் 230 வோல்ட் மின்னழுத்தம் காத்திருக்கும். வாளி பிளாஸ்டிக்காக இருந்தால் வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. தண்ணீர் வழக்கம்போல் ஆவி பறக்கச் சூடாகும். சூடு பார்க்க யாரேனும் விரலை விடும் வரையில்!

விட்டால் என்ன ஆகும்? ஓமின் விதி உங்களுக்குத் தெரியும். ஈரமான கையும் வெறுங்காலுமாக நிற்கும் மனித உடலின் மின்தடையைச் சுமார் 1000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டை 1000 ஓமால் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். உடலில் 30 மில்லி ஆம்பியரைத் தாண்டி மின்சாரம் நீடித்தாலே இதயத்தின் துடிப்பு குழம்பும் அபாயம் தொடங்குகிறது. இது அதைப் போல ஏழு மடங்குக்கும் மேல்.

"அதற்குள் வீட்டு ஃப்யூஸ் போய்விடாதா?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. பெரியவர்களில் பலரும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஹீட்டர் மாட்டும் இடத்தில் இருக்கும் ஃப்யூஸோ எம்.சி.பி.யோ 16 ஆம்பியரைத் தாண்டினால்தான் துண்டிக்கும். ஒரு மனிதனின் உடல் வழியே ஓடும் கால் ஆம்பியர் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. ஃப்யூஸ் காப்பது வீட்டுக் கம்பிகளைத்தான். உடலைக் காப்பவை இரண்டு: ஒன்று எர்த் கம்பி, மற்றொன்று ஆர்.சி.சி.பி. என்ற கருவி. போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று அந்தக் கருவி ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வேற்றுமை வந்தால், கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும்.

எர்த் கம்பி அதைவிட எளியது. குழாயின் உலோகத்தோடு ஒரு பச்சைக் கம்பியை இணைத்து, பிளக்கின் மூன்றாவது முள் வழியாகப் பூமிக்குக் கொண்டுபோய்விட்டால், கசியும் மின்சாரம் உங்கள் உடலைத் தேடி வராமல் அந்தச் சுலபமான வழியில் போய்விடும். மூன்று முள் பிளக்கில் அந்த ஒரு முள் மட்டும் நீளமாகவும் பருமனாகவும் இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? பிளக்கைச் செருகும்போது அது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும் என்பதற்காகத்தான்.

என் கதை இங்கேதான் வருகிறது. நான் வாங்கிய ராடில் மூன்று முள் பிளக் இருந்தது. பிளக்கில் முத்திரை இருந்தது. திருப்தியோடு வீட்டுக்கு வந்தேன். சில மாதங்கள் கழித்துப் பிளக் ஆட்டம் கண்டதால் திருகாணியைக் கழற்றித் திறந்தேன். எர்த் முள்ளில் எந்தக் கம்பியும் இல்லை! ராடிலிருந்து வந்ததே இரண்டு கம்பிகள்தான். மூன்றாவது முள் சும்மா அழகுக்கு நின்றுகொண்டிருந்தது. அத்தனை நாளும் எங்கள் வீட்டுக் குழந்தைகள் அந்த வெந்நீரில்தான் குளித்தார்கள். ராடின் உடம்பை அன்றுதான் முதல் முறையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சின்னமும் இல்லை, எண்ணும் இல்லை, செய்தவர் பெயரும் இல்லை.

விரல் செய்யும் சோதனை

முத்திரை பெறுவதற்கு முன்னால் ஒரு சாதனம் என்னென்ன சோதனைகளைத் தாண்ட வேண்டும் தெரியுமா? அவற்றில் சில வேடிக்கையானவை. சோதனைக்கூடத்தில் ஒரு போலி விரல் வைத்திருப்பார்கள். 12 மில்லிமீட்டர் பருமன், 80 மில்லிமீட்டர் நீளம், நம் விரலைப் போலவே மடங்கும் கணுக்கள். சாதனத்தின் ஒவ்வொரு துவாரத்திலும் சந்திலும் அதை நுழைத்துப் பார்ப்பார்கள். மின்சாரம் ஓடும் பாகத்தை அது தொட்டுவிட்டால் சாதனம் தோற்றது.

கம்பி சாதனத்துக்குள் நுழையும் இடத்தை 25 முறை இழுத்துப் பார்ப்பார்கள். ஈரக்காற்று நிறைந்த பெட்டியில் வைத்தெடுத்து, வழக்கமான அழுத்தத்தைப் போலப் பல மடங்கு, அதாவது ஆயிரம் வோல்ட்டும் அதற்கு மேலும் ஒரு நிமிட நேரம் கொடுத்துப் பார்ப்பார்கள். எர்த் முள்ளுக்கும் உலோக உடலுக்கும் இடையே மின்தடை 0.1 ஓமுக்கு மேல் இருக்கக் கூடாது. கையில் தூக்கிப் பயன்படுத்தும் எர்த் உள்ள சாதனத்தில் கசியும் மின்சாரம் 0.75 மில்லி ஆம்பியரைத் தாண்டக் கூடாது. நம் கணக்கில் வந்த 230 மில்லி ஆம்பியரோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். இஸ்திரிப் பெட்டி பாவம், சர்வதேசத் தரத்தின்படி 4 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து இரும்புத் தகட்டின் மேல் ஆயிரம் முறை விழுந்து எழ வேண்டும்.

ஒரு முறை சோதித்துவிட்டால் முடிந்ததா என்றால் இல்லை. தொழிற்சாலைக்கு அதிகாரிகள் வந்து பார்க்கிறார்கள். கடைகளிலிருந்தும் மாதிரிகளை வாங்கிச் சோதிக்கிறார்கள். தேறாவிட்டால் உரிமம் போய்விடும். சின்னத்துக்குக் கீழே உள்ள எண்ணுக்கு மதிப்பு இதனால்தான்.

முத்திரையைப் போலத் தோன்றி, முத்திரை அல்லாதவையும் உண்டு. நட்சத்திரங்கள் ஒட்டிய சீட்டு மின்சாரச் சிக்கனத்தைச் சொல்வது. ஐந்து நட்சத்திரம் என்றால் மின்கட்டணம் குறையும், அவ்வளவே. ஐ.எஸ்.ஓ. 9001 என்பது கம்பெனியின் நிர்வாக முறைக்குக் கிடைத்த சான்று, பொருளுக்கு அல்ல. 'சி.இ.' என்ற எழுத்துகள் ஐரோப்பியச் சந்தைக்கானவை. பெரும்பாலான சாமான்களில் அதைத் தயாரிப்பாளரே தம் பொறுப்பில் போட்டுக்கொள்ளலாம். 'ஐ.எஸ்.ஐ. தரத்துக்கு ஏற்ப' என்று எழுதியிருந்தால் அதை நான் 'ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லை' என்றே படிப்பேன். செல்போன் சார்ஜர் போன்ற மின்னணுச் சாமான்களுக்கு மட்டும் முறை வேறு. அவற்றில் ஐ.எஸ்.ஐ. சின்னத்துக்குப் பதிலாக 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்கும்.

அடுப்பங்கரைக்குப் போவோம்

கேஸ் அடுப்பிலும் இதே கதைதான். 'கேஸ் அடுப்பு' என்று ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, அது பல பொருள்களின் கூட்டம். அடுப்புக்கு எண் 4246. ரப்பர் டியூபுக்கு 9573. ரெகுலேட்டருக்கு 9798. சிலிண்டருக்கு 3196. அடுப்பின் முத்திரை டியூபைக் காப்பாற்றாது.

டியூபில்தான் ஜனங்கள் அதிகமாக அலட்சியம் காட்டுகிறார்கள். பார்ப்பதற்குச் சாதாரண ரப்பர் குழாய். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாயைப் போட்டால் என்ன என்று தோன்றும். சமையல் வாயு என்பது புரொப்பேன், பியூட்டேன் என்ற ஹைட்ரோகார்பன்களின் கலவை. சாதாரண ரப்பரை ஹைட்ரோகார்பன்கள் மெல்ல ஊறச்செய்து கெடுத்துவிடும். ஒரு துண்டு ரப்பரைப் பெட்ரோலில் போட்டு வைத்தால் அது உப்பிப்போவதை மெக்கானிக் கடையில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். முத்திரை பெற்ற டியூபின் உட்புறம் வாயுவைத் தாங்கும் செயற்கை ரப்பரால் ஆனது. கேஸ் ஏஜென்சியில் 'சுரக்ஷா' என்ற பெயரில் விற்கும் டியூபுக்குள் எஃகுக் கம்பி வலை இருக்கும். எலி கடித்தாலும் சுலபத்தில் அறுபடாது. அதையும் ஐந்து ஆண்டுகளில் மாற்றிவிட வேண்டும். தயாரித்த ஆண்டு டியூபின் மேலேயே அச்சிட்டிருக்கும்.

கசிந்தால் எவ்வளவு வாயு போதும் ஆபத்துக்கு? காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே ஒரு பொறி போதும். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு படிந்து நிற்கும். மூன்று மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலமுள்ள சமையலறையில் தரையிலிருந்து அரை மீட்டர் உயரம் வரை அது நிற்பதாகக் கொள்வோம். கொள்ளளவு 4.5 கன மீட்டர். அதில் 2 சதவீதம் 0.09 கன மீட்டர். ஒரு கன மீட்டர் வாயுவின் எடை ஏறத்தாழ 2.2 கிலோகிராம் என்று வைத்தால், சுமார் 200 கிராம் வருகிறது. வீட்டுச் சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோகிராம்! இந்த வாயுவுக்கு இயற்கையில் வாசனை கிடையாது. நம் மூக்கை எச்சரிப்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைச் சிறிது கலக்கிறார்கள். அந்த நாற்றம் வந்தால் சுவிட்சைத் தொடாமல், கதவு ஜன்னல்களைத் திறந்து, ரெகுலேட்டரை மூடிவிட்டு வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்ய வேண்டும். சுவிட்சை அணைப்பதும் ஆபத்துதான். அணைக்கும்போதும் பொறி உண்டாகும்.

சிலிண்டரில் படிக்க வேண்டியது இன்னொன்று. கழுத்தைச் சுற்றியுள்ள பட்டைகளில் ஒன்றின் உட்புறம் ஏ, பி, சி, டி என்ற எழுத்துகளில் ஒன்றும், பக்கத்தில் இரண்டு இலக்க எண்ணும் எழுதியிருக்கும். ஏ என்றால் மார்ச்சில் முடியும் காலாண்டு, பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். 'பி-29' என்றால் 2029 ஜூன் வரை. அதற்குள் அந்தச் சிலிண்டரை மறுசோதனைக்கு அனுப்பியாக வேண்டும். அந்தத் தேதி கடந்த சிலிண்டர் வந்தால், கொண்டுவரும் அண்ணனிடம் அங்கேயே சொல்லித் திருப்பி அனுப்பலாம். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். சட்டம் உங்கள் பக்கம்.

முத்திரை காலமாகும் நேரம்

முறையான முத்திரையோடு வாங்கிய சாதனம் என்றைக்கும் முறையானதாகவே இருக்குமா? இருக்காது. தமிழக அரசு 2007 முதல் இலவச கேஸ் அடுப்புகளையும், 2011 முதல் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறிகளையும் வழங்கியது நினைவிருக்கலாம். உங்களில் சிலர் அப்போது பிறந்தே இருக்க மாட்டீர்கள். அவற்றில் பல இன்னும் நம் கிராமங்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆனால் எத்தனை முறை ரிப்பேர் ஆகியிருக்கும்! மூன்று கம்பி கொண்ட பழைய ஒயரை எடுத்துவிட்டு, கைக்குக் கிடைத்த இரண்டு கம்பி ஒயரைப் போட்டுக் கொடுத்திருந்தால், உடம்பில் உள்ள முத்திரை அன்றோடு செத்துப்போய்விட்டது என்றே கொள்ள வேண்டும். ரிப்பேர் செய்து வாங்கும்போது, "எர்த் போட்டீங்களா அண்ணே?" என்று ஒரு கேள்வி கேட்பதில் தவறில்லை. (பிளாஸ்டிக் உடம்பில் சதுரத்துக்குள் சதுரம் போல ஒரு குறி இருந்தால், அது இரட்டைக் காப்பு உள்ள சாதனம், அதற்கு எர்த் தேவையில்லை.)

வெள்ளமும் அப்படித்தான். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணை நிரம்பித் திறந்துவிடப்பட்டபோது, தென்பெண்ணைக் கரையூர்கள் பலவற்றில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. சேற்றுத் தண்ணீரில் மூழ்கி எழுந்த மிக்சியையோ கிரைண்டரையோ வெயிலில் காயவைத்து அப்படியே மாட்டக் கூடாது. ஈரம் உள்ளே எங்கே தங்கியிருக்கிறது என்பது வெளியே தெரியாது. தெரிந்த எலக்ட்ரீஷியன் திறந்து பார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

இனி, நீங்களே செய்யக்கூடிய ஒரு வேலை. பி.ஐ.எஸ். அமைப்பு 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செயலியை வெளியிட்டிருக்கிறது. வீட்டில் யாருடைய செல்போனிலாவது அதை ஏற்றிக்கொள்ளுங்கள். உரிம விவரம் பார்க்கும் பகுதியில் சி.எம்/எல் எண்ணைப் போட்டால், தயாரிப்பாளரின் பெயர், முகவரி, எந்தப் பொருளுக்கு உரிமம், இப்போது செல்லுபடியாகிறதா என்று எல்லாம் திரையில் வரும். அதில் வரும் பொருளும் உங்கள் கையில் உள்ள பொருளும் ஒன்றுதானா என்று பார்ப்பதுதான் முக்கியம். பிளக் உரிமத்தின் எண்ணை ஹீட்டர் பெட்டியில் அச்சிட்டிருந்தால் இங்கே அகப்பட்டுக்கொள்வார்கள். போலி என்று தெரிந்தால் அந்தச் செயலியிலேயே புகாரும் கொடுக்கலாம். பில் இருந்தால் புகாருக்குப் பலம் அதிகம். ஆகவே பில் கேட்க வெட்கப்படாதீர்கள். தபாலில் வரவழைக்கும் சாமானானால், பெட்டியைப் பிரித்த உடனே, பிளக்கைச் செருகுவதற்கு முன்பே எண்ணைத் தேடிப் பாருங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் உங்கள் வீட்டுச் சாதனங்களைப் பட்டியல் போடுங்கள். ஒவ்வொன்றையும் சாக்கெட்டிலிருந்து கழற்றிவிட்ட பிறகு, உடம்பில் முத்திரை, பிளக்கில் முத்திரை, கம்பியில் முத்திரை என்று தனித்தனியாக எழுதுங்கள். மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய சாதனங்களில் எழுத்து அழிந்திருக்கும். சாய்வாக டார்ச் அடித்தால் தெரியும். பழைய, மிஞ்சிய ஒயர்த் துண்டு கிடைத்தால் அதன் உலோகத்தின் அருகே காந்தம் ஒன்றைக் கொண்டுபோங்கள். செம்பைக் காந்தம் ஈர்க்காது. ஒட்டிக்கொண்டால் உள்ளே இருப்பது செம்புப் பூச்சுப் பூசிய இரும்பு. 1500 வாட் ஹீட்டருக்கு ஆறரை ஆம்பியர் வேண்டும். அப்படிப்பட்ட கம்பி அதை எப்படித் தாங்கும் என்று உங்கள் இயற்பியல் ஆசிரியரோடு கணக்குப் போட்டுப் பாருங்கள். எந்தக் காரணத்துக்காகவும் மின்சாரம் ஓடும்போது எதையும் திறக்க வேண்டாம். டெஸ்டரை நம்பித் தண்ணீரைத் தொடவும் வேண்டாம்.

என்னுடைய அந்த ராடை என்ன செய்தேன் என்கிறீர்களா? கம்பியை இரண்டாக நறுக்கி, வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்த முடியாதபடி குழாயை வளைத்துப் பழைய இரும்புக்காரரிடம் போட்டேன். பிளக்கை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டேன். அதன் எண்ணைத் தேடிப் பார்த்தபோது உண்மையான உரிமமாகவே இருந்தது. பிறகு வாங்கிய இஸ்திரிப் பெட்டியின் பிளக் உடைந்தபோது அதைத்தான் மாட்டினேன். இந்த முறை மூன்று கம்பிகளோடு.